ஓபோ, நாதஸ்வரம், புல்லாங்குழல்: ஊதினால் ஒலி எப்படிப் பிறக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கிளாரினெட்டும் புல்லாங்குழலும் சொல்லித் தருகிறேன். பகலில் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் பாடம். சில வருடங்களுக்கு முன் புதுச்சேரியில் ஒரு வீட்டு மாடியில் பிரான்சிலிருந்து வந்திருந்த ஒருவர் ஓபோ வாசித்தார். எங்கள் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆரம்பித்த கேள்விகள் இன்னும் நிற்கவில்லை. பிள்ளைகள் கேட்டது, பெற்றோர் கேட்டது, கல்யாண வாசிப்புக்கு வரும் நாதஸ்வரக்காரர்கள் கேட்டது எல்லாவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஓபோ என்றால் என்ன? பார்த்தால் கிளாரினெட் மாதிரி இருக்கிறது, கேட்டால் நாதஸ்வரம் மாதிரி இருக்கிறதே?

கண் சொல்வதைவிடக் காது சொல்வதுதான் சரி. ஓபோ நாதஸ்வரத்தின் சொந்தக்காரன். சுமார் 65 செண்டிமீட்டர் நீளம், கறுப்பு மரம், மேலே வெள்ளிநிறச் சாவிகள். வாயில் வைக்கும் இடத்தில் இரண்டு மெல்லிய நாணல் தகடுகளைச் சேர்த்துக் கட்டிய ரீடு. நாதஸ்வரத்தின் ரீடான நம் சீவாளியும் இரண்டு தகடுதான். உள்ளே இருக்கும் துளை மேலே ஒடுங்கி, கீழே போகப் போக விரிந்துகொண்டே போகும். நாதஸ்வரமும் அப்படியே. கிளாரினெட்டில் ரீடு ஒன்றே ஒன்று, துளையும் பெரும்பாலும் ஒரே அகலம். இந்த இரண்டு வித்தியாசங்களும் எவ்வளவு பெரியவை என்று கீழே வரும்.

ஓபோ 1650களை ஒட்டி பிரான்ஸ் அரசவை இசைக்காரர்கள் கையில் உருவான வாத்தியம். அதற்கு முன்னால் ஐரோப்பாவில் இருந்த ஷாம் என்ற முரட்டுக் குழலைச் செதுக்கிச் செதுக்கி, அறைக்குள் வாசிக்கும் அளவுக்கு மென்மையாக்கினார்கள். பிரெஞ்சில் அதன் பெயரை ‘ஓபுவா’ என்று சொல்வார்கள். உரத்த மரம், உயர்ந்த மரம் என்று இரண்டு விதமாகவும் பொருள் கொள்ளலாம். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் குடியேறிய 1674ஆம் வருடத்தில் அவர்கள் ஊரில் ஓபோ இளம் வாத்தியம். நம் ஊரில் அதன் உறவுக்காரக் குழல் அப்போதே கோயில் வாசலில் ஒலித்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் நாதஸ்வரத்திலிருந்துதான் ஓபோ வந்ததா?

இல்லை. ஒன்றிலிருந்து ஒன்று வரவில்லை. வடக்கே ஷெனாய், துருக்கியில் சுர்னா, சீனத்தில் சுவோனா, ஐரோப்பாவில் ஷாம், இங்கே நாதஸ்வரம், முகவீணை என்று கூம்புக் குழலும் இரட்டை ரீடும் சேர்ந்த குடும்பம் ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் பரவிக் கிடக்கிறது. ஓபோ அந்தக் குடும்பத்தில் ஒரு கிளை. பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊதினால் காற்றுதானே போகிறது? சத்தம் எங்கிருந்து வருகிறது?

இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்க வேண்டும். பதிலைச் சொல்வதற்கு முன் ஒரு பூவரசு இலை பறித்து வாருங்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் இதற்குப் பஞ்சமே இல்லை.

ரொம்பக் கொழுந்தும் வேண்டாம், முற்றியதும் வேண்டாம். காம்பைக் கிள்ளிவிட்டு, ஒரு ஓரத்திலிருந்து பீடி சுற்றுவதுபோல இறுக்கமாகச் சுற்றுங்கள். ஒரு முனையைப் பல்லிடுக்கில் வைத்து லேசாக அழுத்தினால் வட்டமாக இருந்த வாய் தட்டையாகி, மேல் உதடு கீழ் உதடு மாதிரி இரண்டு மடிப்பு தெரியும். அதை வாயில் வைத்து ஊதுங்கள். முதலில் வெறும் காற்றுதான் போகும். இன்னும் கொஞ்சம் அழுத்தி, இன்னும் கொஞ்சம் பலமாக ஊதினால் திடீரென்று பீ என்று கத்தும். உதட்டில் கூசும். அந்தக் கூச்சம்தான் பதில். அந்த இரண்டு மடிப்பும் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை மூடி மூடித் திறக்கின்றன. நீங்கள் கொடுத்தது ஒரே சீரான காற்று. உள்ளே போவது துண்டு துண்டாக நறுக்கிய காற்று. அந்தத் துண்டுகள் காதில் வந்து மோதுவதைத்தான் நாம் ஒலி என்று கேட்கிறோம்.

ஓபோ ரீடும் சீவாளியும் செய்வது இதே வேலையை. ஓபோ ரீட்டின் வாயை நேராகப் பார்த்தால் பாதி மூடிய கண் மாதிரி ஒரு சந்து தெரியும். நடுவில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்தச் சந்து வழியாகத்தான் அவ்வளவு இசையும் போகிறது.

மூடித் திறக்கும் வேகத்தை யார் முடிவு செய்கிறார்கள்? ஊதுபவரா, ரீடா?

இரண்டு பேரும் இல்லை. குழலுக்குள் நிற்கும் காற்றுதான் முடிவு செய்கிறது. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் மிச்சமெல்லாம் தானாக வந்துவிடும். அதனால் இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

பூவரசு பீப்பி தனியாகக் கத்தும்போது அதற்கு ஒரு ஒழுங்கும் கிடையாது. அழுத்தினால் ஒரு சுருதி, விட்டால் ஒரு சுருதி. இப்போது ஒரு தென்னங்கீற்று எடுத்து, ஈர்க்கைக் கிழித்து எறிந்துவிட்டு, அந்த ஓலையை பீப்பியின் மறுமுனையிலிருந்து ஆரம்பித்துச் சுருள் சுருளாக, போகப் போக அகலமாகச் சுற்றிக்கொண்டே வாருங்கள். கடைசிச் சுற்று அவிழாமல் ஒரு ஈர்க்குத் துண்டால் குத்திவிடுங்கள். ஒரு முழ நீளத்தில் கூம்பு கிடைக்கும். இப்போது ஊதிப் பாருங்கள். கீச்சுக் குரல் போய்க் கனத்த குரல் வரும், அதுவும் ஒரே சுருதியில் நிற்கும். கீழ்ச் சுற்றுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் சுருதி ஏறும். இலையும் வாயும் மாறவில்லை. மாறியது கூம்பின் நீளம் மட்டும்.

அது எப்படி? ரீடு ஒரு முறை திறந்ததும் ஒரு காற்றுத் தள்ளு உள்ளே போகிறது. அது குழலின் கீழ்வாய் வரை ஓடுகிறது. அங்கே குழல் முடிந்து வெட்டவெளி ஆரம்பிக்கிறது. எல்லாம் வெளியே போய்விடும் என்றுதான் நினைப்போம். போவது கொஞ்சம்தான். பெரும்பகுதி திரும்பி வருகிறது.

திறந்த வாயில் மோத என்ன இருக்கிறது, எப்படித் திரும்பும் என்று கேட்காத மாணவன் இல்லை. மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்கு ஒரு சந்து வழியாகப் போயிருந்தால் இதற்குப் பதில் உங்கள் உடம்புக்கே தெரியும். சந்துக்குள் ஆள்மேல் ஆளாக நெரித்துக்கொண்டு வருகிறோம். சந்து முடிந்து மணல் ஆரம்பித்ததும் முன்னால் இருப்பவர்கள் நாலா பக்கமும் சிதறுகிறார்கள். அவர்கள் விட்ட இடத்துக்குப் பின்னால் இருப்பவர் பாய்கிறார், அவர் விட்ட இடத்துக்கு அடுத்தவர் பாய்கிறார். இப்படியே ஒரு காலியிடம் கூட்டத்துக்குள் பின்னோக்கி நகர்ந்து, கடைசியில் நிற்பவரிடம் வந்து சேர்கிறது. ஆட்கள் முன்னால் போகிறார்கள், காலியிடம் பின்னால் வருகிறது. குழலுக்குள் அழுத்தம் போய்த் தளர்வாகத் திரும்புவது இப்படித்தான்.

அந்தத் தளர்வு ரீடுக்கு வந்ததும் இரண்டு தகட்டையும் உள்ளே இழுத்து மூடுகிறது. அங்கேயே முட்டித் திரும்பிப் போய், கீழ்வாயில் மறுபடி குணம் மாறி, அழுத்தமாக வருகிறது. அழுத்தம் வந்ததும் தகடுகள் விரிகின்றன. விரிந்த அதே நொடியில் உங்கள் மூச்சு இன்னொரு தள்ளு உள்ளே அனுப்புகிறது. ஊஞ்சலைத் தள்ளுபவர் ஊஞ்சல் தன்னிடம் வந்து திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளுகிறாரே, அதே கணக்கு. ஊஞ்சலின் நேரத்தைக் கயிற்றின் நீளம் முடிவு செய்கிறது, தள்ளுபவர் அல்ல. இங்கே கயிறு என்பது குழல். ரீடு வாசல் காப்பவர். மூச்சு தள்ளும் கை. இங்கே சொன்ன போய்வரும் கணக்கு ஒரே அகலமான குழலுக்கு, கூம்பில் வரும் வித்தியாசம் கீழே வரும்.

ஒலியைச் செய்வது ரீடு என்று நிறையப் பேர் சொல்வார்கள். ரீடு இல்லாமல் ஒலி இல்லைதான், ஆனால் என்ன ஒலி என்பது அதன் கையில் இல்லை. கூம்பைச் சுற்றி ஊதிக் கேட்டவர்கள் இதை மறக்க மாட்டார்கள்.

புல்லாங்குழலில் ரீடே இல்லையே? அங்கே வாசல் எது?

உதட்டிலிருந்து வரும் காற்றே அங்கே வாசல். மெல்லிய நாடா மாதிரி வரும் காற்று, ஊதும் துளையான முத்திரைத் துளையின் எதிர் விளிம்பில் போய் மோதுகிறது. விளிம்புக்கு மேலே போவதா உள்ளே போவதா என்று அந்த நாடா தடுமாறுகிறது. குழலுக்குள் போய்வரும் அலை அதை ஒரு முறை உள்ளே இழுக்கும், ஒரு முறை வெளியே தள்ளும். இந்த ஆட்டம் குழலின் நேரத்தோடு ஒத்துப்போனதும் சுரம் பிறக்கிறது. சோடா பாட்டில் வாயில் ஊதினால் பூம் என்று வருவதற்கும் இதே போன்ற விளிம்புத் தடுமாற்றம்தான் காரணம். அங்கே பாட்டில் வயிற்றில் இருக்கும் காற்று மொத்தமாகச் சுருங்கி விரிகிறது.

புதிதாகப் பழகுபவர்களுக்கு வாரக்கணக்கில் வெறும் காற்றே வருவதற்குக் காரணமும் இதுதான். உதட்டுக்கும் விளிம்புக்கும் இருக்கும் தூரம், சாய்வு, காற்றின் வேகம் மூன்றும் கூடி வர வேண்டும். அப்புறம் ஒருநாள் வரும். வந்த பிறகு போகாது.

கிளாரினெட்டும் மேற்கத்தியப் புல்லாங்குழலும் ஏறக்குறைய ஒரே நீளம். ஆனால் கிளாரினெட் எப்படி அவ்வளவு கீழே இறங்குகிறது?

நல்ல கேள்வி. இரண்டும் சுமார் 66 செண்டிமீட்டர். புல்லாங்குழலின் அடிச்சுரம் ஏறக்குறைய 262 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 262 அதிர்வு. சாதாரணமாகப் புழக்கத்தில் இருக்கும் கிளாரினெட்டின் அடிச்சுரம் ஏறக்குறைய 147 ஹெர்ட்ஸ். கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி கீழே.

புல்லாங்குழல் இரண்டு பக்கமும் திறந்தது. அலை ஒருமுறை போய் வந்தாலே ஒரு சுற்று முடிந்துவிடும். கிளாரினெட் ஒரே அகலமான குழல், ரீடு இருக்கும் பக்கம் மூடியது போலத்தான். அங்கே அழுத்தமாகப் போனது தளர்வாக வந்து, மறுபடி போய், அழுத்தமாகத் திரும்பினால்தான் ஒரு சுற்று. அதாவது இரண்டு முறை போய்வர வேண்டும். சுற்றுக்கு இரட்டிப்பு நேரம், ஆகவே பாதி அதிர்வெண்.

இதில் கர்நாடக இசைக்காரர்களுக்குப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. நாதஸ்வரத்தில் ச வைத்துக்கொண்டு, விரலை மாற்றாமல், உதட்டை இறுக்கி மூச்சை ஏற்றினால் மேல் ச வரும். ஓபோவிலும் அப்படியே. கிளாரினெட்டில் மேல் ச வராது. ஒரு ஸ்தாயி தாண்டி, அதற்கு மேலே இருக்கும் ப வரும். ஒரு பக்கம் மூடிய நேர்குழலுக்குள் அடிச்சுரத்தின் இரண்டு மடங்கு அதிர்வு நிற்காது. மூன்று மடங்குதான் நிற்கும். மூன்று மடங்கு என்றால் மேல்ஸ்தாயி பஞ்சமம். கிளாரினெட்டில் கீழ்ஸ்தாயிக்கு ஒரு விரல் கணக்கு, மேலே போனால் வேறு விரல் கணக்கு என்று பிள்ளைகள் திணறுவது இதனால்தான். அந்த வாத்தியத்தில் திருச்சி ஏ.கே.சி. நடராஜன் கமகங்களை, அதாவது சுரங்களுக்கு இடையே வளைந்து போகும் அசைவுகளை, வழுக்கிக்கொண்டு போவதைக் கேட்டால் அந்த உழைப்பின் அளவு புரியும்.

ஓபோவும் நாதஸ்வரமும்கூட ரீடு பக்கம் மூடியவைதானே என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் கூம்பில் அலை போகப் போகப் பரந்து மெலிகிறது, திரும்பி வரும்போது குவிந்து வலுக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு பக்கம் மூடிய கூம்பு இரண்டு பக்கமும் திறந்த நேர்குழல் மாதிரியே நடந்துகொள்ளும். கணக்கை இங்கே எழுதினால் பாடப்புத்தகம் ஆகிவிடும். ஓலைக் கூம்பு உங்கள் கையிலேயே இருக்கிறது.

சாக்ஸபோன் பித்தளை. அதை ஏன் மரக்குழல் வகையில் சேர்க்கிறார்கள்?

வகை பிரிப்பது உடம்பைப் பார்த்தல்ல, ஒலி பிறக்கும் விதத்தைப் பார்த்து. அடால்ஃப் சாக்ஸ் 1846இல் காப்புரிமை பெற்ற அந்த வாத்தியத்தில் ஒற்றை ரீடு, கூம்புக் குழல். கிளாரினெட்டின் வாய், ஓபோவின் வயிறு. அதனால் மேல் ச கொடுக்கும்.

சங்கு, கொம்பு?

அவற்றில் ஊதுபவரின் உதடே ரீடு. ட்ரம்பெட்டும் அதே இனம்.

துளையைத் திறந்தால் சுரம் ஏன் மாறுகிறது?

துளையைத் திறந்தால் அலைக்கு வெட்டவெளி அங்கேயே வந்துவிடுகிறது. ஓலைக் கூம்பை அவிழ்த்துக் குட்டையாக்கினோமே, அதை அவிழ்க்காமலே செய்யும் வழி இது. பெரிய துளை முழுசாகக் குட்டையாக்கும், சின்னத் துளை பாதிதான். விரலை நகர்த்திப் பாதி திறந்தால் இரண்டு சுரத்துக்கு நடுவே எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். நாதஸ்வரத்தில் விரல் துளை ஏழுதான். பன்னிரண்டு சுரமும் அவற்றுக்கு இடையே ஓடும் கமகமும் இந்தப் பாதி விரலிலிருந்தும், உதட்டிலிருந்தும், மூச்சிலிருந்தும் வருகின்றன. ஓபோவில் ஒவ்வொரு அரைச் சுரத்துக்கும் சாவி இருப்பதால் சுரம் சுத்தமாக விழும். வழுக்குவது கடினம். புதுச்சேரியில் அந்தப் பிரெஞ்சுக்காரரிடம் எங்கள் பிள்ளை ஒருத்தி தோடி ராகத்தின் அசையும் காந்தாரத்தை (க) பாடிக் காட்டி, இது வருமா சார் என்று கேட்டாள். அவர் ஐந்தாறு முறை முயன்றார். உதட்டாலேயே கொஞ்சம் கிட்டே வந்தார். முடிந்தவுடன் ரீட்டை வாயிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, இது வேறு ரீடு கேட்கிறது என்றார். அது சரியான பதில். சீவாளி அகலமானது, உதட்டுக்கு இடம் கொடுக்கும்.

நாதஸ்வரத்தில் ஏழு துளைக்குக் கீழே இன்னும் ஐந்து துளைகள் இருக்கும். அவை விரலுக்கு அல்ல. மெழுகு வைத்து அடைத்தும் திறந்தும் சுருதியைச் சரிபார்ப்பதற்கு.

மைக் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான சுரங்களில் ஒலி கீழ்வாயிலிருந்து மட்டும் வருவதில்லை, திறந்திருக்கும் துளைகளிலிருந்தும் வருகிறது. கீழ்வாயில் விரிந்து நிற்கும் அணசுக்கு நேராக மைக்கை ஒட்டி வைத்தால் சில சுரம் இடிக்கும், சில சுரம் காணாமல் போகும். கொஞ்சம் தள்ளி, நடுக்குழலைப் பார்த்து வையுங்கள்.

ஓபோ வாசிக்க மூச்சு நிறைய வேண்டுமா?

காற்று கொஞ்சம்தான் செலவாகும், அழுத்தம்தான் அதிகம். அந்த ஒரு மில்லிமீட்டர் சந்து வழியாக எவ்வளவு காற்று போய்விடும்? அதனால் ஓபோக்காரருக்கு வரும் கஷ்டம் விசித்திரமானது. நீண்ட வரி முடியும்போது நெஞ்சில் காற்று தீர்ந்திருக்காது. பிராணவாயு குறைந்த பழைய காற்று நிரம்பிக் கிடக்கும். முதலில் அதை வெளியே விட வேண்டும், அப்புறம்தான் புதுக்காற்று இழுக்க முடியும். புதுச்சேரியில் அன்று நான் அந்தப் பிரெஞ்சுக்காரருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு சின்ன ‘ஹா’, உடனே ஒரு இழுப்பு. கழுத்து நரம்பு புடைத்து, முகம் சிவந்து, ஒலி மட்டும் நூல் பிடித்தாற்போல வந்துகொண்டிருந்தது. புல்லாங்குழல் இதற்கு நேர் எதிர். அழுத்தம் குறைவு, காற்று கொட்டிக்கொண்டே போகும்.

என் தாய்மாமா நாதஸ்வரக் குழுவில் ஒத்து ஊதியவர். ஒத்து என்பது விரல் துளை இல்லாத குழல், சுருதிக்கு மட்டும். மூச்சு விடாமல் ஊதுவார் என்று ஊரில் சொல்வார்கள். மூச்சு விடாமல் யாரால் முடியும்? கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை ரீடுக்குள் பிழிந்துகொண்டே மூக்கால் மூச்சு இழுப்பார். நான் சிறுவனாக அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, கன்னம் உப்பி வற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பேன். சுருதியில் ஒரு நடுக்கம் இருக்காது. சுருதிப் பெட்டி வந்த பிறகு ஒத்துக்காரர்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. எனக்கு இன்றைக்கும் அது மனத்தாங்கல்தான். பெட்டி சுருதி கொடுக்கிறது, ஆனால் நாதஸ்வரத்தோடு சேர்ந்து மூச்சு விடும் இன்னொரு குழல் கொடுத்த நிறைவை அது கொடுக்கவில்லை.

மேற்கத்திய இசைக்குழு ஏன் ஓபோவை வைத்துச் சுருதி சேர்க்கிறது?

கச்சேரி ஆரம்பிக்கும் முன் ஓபோ ஒரு சுரம் பிடிக்கும், எல்லாரும் அதற்குச் சேர்ப்பார்கள். அது 440 ஹெர்ட்ஸ், சில ஊர்களில் அதற்குக் கொஞ்சம் மேல். ஆர்மோனியக் கணக்கில் ஆறு கட்டை (கட்டை என்பது சுருதியின் அளவு).

ஒரு காரணம், ஓபோவின் சுருதியை நினைத்த நேரத்தில் இழுக்கவும் தளர்த்தவும் அவ்வளவாக முடியாது. தந்தி வாத்தியம் முறுக்காணியைத் திருப்பினால் எங்கும் போகும். இன்னொரு காரணம், அதன் ஒலியின் உள்ளடக்கம். ஓபோ 440 பிடிக்கும்போது 880, 1320, 1760 என்று மேல் சுரங்களும் சேர்ந்தே வருகின்றன. ஆயிரம் ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்குச் சற்று மேலேயும் இருப்பவை ரொம்ப வலுவானவை. அதனால் ஐம்பது பேர் வில்லைத் தீட்டிக்கொண்டிருக்கும் இரைச்சலிலும் அந்த ஒரு குழல் தனியாகக் காதில் ஏறும். மூக்கடைத்த குரல் மாதிரி இருக்கிறது என்று சிலர் சொல்வதும் இந்த மேல்சுரக் கலவையைத்தான்.

இரண்டும் உறவு என்கிறீர்கள். பிறகு நாதஸ்வரம் மட்டும் ஏன் தெருக்கோடி வரை கேட்கிறது?

வில்லியனூர் தேர் அன்று தேருக்குப் பின்னால் நின்றுகொண்டு, முன்னால் போகும் நாதஸ்வரத்தைக் கேட்டிருக்கிறேன். நடுவில் எத்தனை ஆயிரம் பேர்!

சீவாளி பெரியது, ஒரு திறப்புக்கு உள்ளே போகும் காற்று அதிகம். கூம்பு வேகமாக விரிகிறது, துளைகள் பெரியவை, கீழே அணசு விரிந்து நிற்கிறது. உள்ளே இருக்கும் ஒலியில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடுகிறது என்று மேலே சொன்னேன் அல்லவா? எவ்வளவு திரும்புகிறது, எவ்வளவு வெளியேறுகிறது என்பதுதான் வாத்தியம் செய்பவரின் பேரம். ஓபோ அறைக்குள் வாசிக்கப் பிறந்தது. அது ஒலியை உள்ளேயே பிடித்து வைத்துக் கொஞ்சமாக விடுகிறது. நாதஸ்வரம் நான்கு மாடவீதிக்குப் பிறந்தது.

நீளமும் மாறியிருக்கிறது. முன்னால் திமிரி என்ற குட்டைக் குழல்தான் அதிகம், சுருதியும் உச்சத்தில் இருக்கும். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) காலத்தில் நீளமான பாரி நாதஸ்வரம் நிலைபெற்றது. இரண்டு, இரண்டரை கட்டைக்கு இறங்கி வந்ததும் ஒலியில் கூர்மை குறைந்து கனம் கூடியது. நாம் ஓலைக் கூம்பில் கேட்ட அதே மாற்றம்.

சீவாளி, ஓபோ ரீடு எல்லாம் எப்படிச் செய்கிறார்கள்? ஒன்று நன்றாகப் பேசுகிறது, இன்னொன்று பேசவே மாட்டேன் என்கிறதே?

இரண்டுமே நாணல் குடும்பம். ஓபோ ரீடு தெற்கு பிரான்ஸ் பக்கம் பேர்போன ஒரு பெருநாணலில் செய்வது. அதைப் பிளந்து, மடித்து, தக்கை சுற்றிய சிறு உலோகக் குழாயில் நூலால் கட்டி, மடிப்பை வெட்டித் திறந்து, நுனியைக் கத்தியால் சுரண்டிச் சுரண்டி மெலிதாக்குகிறார்கள். தேர்ந்த ஓபோக்காரர்கள் பெரும்பாலும் தாங்களே செய்துகொள்வார்கள். வாசிக்கும் நேரத்தைவிடச் சுரண்டும் நேரம் அதிகம் என்று அந்தப் பிரெஞ்சுக்காரர் அன்று சொன்னார்.

சீவாளிக்குத் திருவாவடுதுறை பேர்போனது. ஆற்றங்கரை நாணல் தட்டையை வெட்டிப் பதப்படுத்தி, தட்டையாக்கி, நூலால் கட்டுவார்கள். அது கெண்டை என்ற சிறு உலோகக் குழாயில் உட்காரும். கெண்டை, உலவு என்ற மரக்குழலின் மேல்முனையில் உட்காரும். நாதஸ்வரத்தில் கொத்தாகத் தொங்குவது அலங்காரம் இல்லை. மாற்றுச் சீவாளிகளும், அவற்றைச் சரிசெய்யும் குச்சியும்தான் அது.

ஒன்றுபோல ஒன்று இல்லாததற்குக் காரணம், அது செடி. நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு முற்றியது என்பது தட்டைக்குத் தட்டை மாறும். நுனி கனமாக இருந்தால் மூச்சு வீணாகும். ரொம்ப மெலிந்தால் பலமாக ஊதும்போது ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். உலர்ந்த ரீடு வளையாது, அதனால்தான் வாசிக்கும் முன் வாயில் போட்டு ஊற வைக்கிறோம். பிளாஸ்டிக் ரீடும் வந்துவிட்டது, நீண்ட நாள் உழைக்கும். பழகும் பிள்ளைகளுக்கு நானும் அதைத்தான் வாங்கச் சொல்கிறேன். ஆனாலும் நல்ல நாணல் உதட்டில் பேசுவது வேறு.

எந்த மரம் என்பது ஒலியை மாற்றுமா?

இதில் வாசிப்பவர்களுக்கும் இயற்பியல்காரர்களுக்கும் தீராத வழக்கு. நான் இரண்டு பக்கமும் நிற்பவன். அதிர்வது உள்ளே இருக்கும் காற்று, வீணைக்குடம் போல மரம் பாடுவதில்லை. ஒரே அளவில், ஒரே நேர்த்தியில் துளையிட்டால் மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் காதால் வித்தியாசம் காண்பது ரொம்பச் சிரமம். ஆனால் ‘ஒரே நேர்த்தியில்’ என்பதுதான் சிக்கல். கூம்பின் உட்சுவர் வழவழப்பாக இருக்க வேண்டும், துளையின் விளிம்பு சரியாக விழ வேண்டும், எச்சிலும் மழையும் பட்டாலும் கூம்பு கோணக் கூடாது. அதற்கு இறுகிய மரம் வேண்டும். ஓபோவுக்கு ஆப்பிரிக்கக் கருமரம், நாதஸ்வரத்துக்கு ஆச்சா. கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டையில் ஆச்சாவில் கடையும் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகள் இடிக்கும்போது கிடைக்கும் உத்திரத்தை அவர்கள் தேடி வாங்குவது ஈரம் முழுக்க வற்றிய மரம் வேண்டும் என்பதற்காக. அந்தக் கை நேர்த்திக்கு மரம் ஒத்துழைக்கிறது. என் கணக்கில் மரத்தின் பங்கு அதுதான்.

வெயிலிலும் ஏசி மண்டபத்திலும் சுருதி மாறுகிறதே? கடற்காற்று கெடுக்குமா?

மாறும். சூடான காற்றில் ஒலி வேகமாக ஓடுகிறது. 24 டிகிரி ஏசி மண்டபத்தில் நொடிக்குச் சுமார் 345 மீட்டர், 34 டிகிரி பந்தலில் சுமார் 351 மீட்டர். அலை சீக்கிரம் திரும்பினால் சுருதி ஏறும். அரைச் சுரத்தில் கால் பங்குக்குக் கொஞ்சம் மேல். வாய்க்காற்றின் சூடு எப்போதும் உள்ளே இருப்பதால் நடைமுறையில் இதைவிடச் சற்றுக் குறையும். வயலின் தந்தி சூட்டில் தளர்ந்து இறங்கும். குழல் ஏறும், தந்தி இறங்கும், நடுவில் பாடகர் தவிப்பார். ஏசி மண்டபத்தில் வாசிப்பதென்றால் பத்து நிமிடம் முன்னாலேயே குழலை ஊதிச் சூடாக்கிக்கொண்டு, அப்புறம் சுருதி சேருங்கள்.

ஈரமும் உப்பும் நம் கரையோரத்தின் தொந்தரவு. ஐப்பசி கார்த்திகை மழையில் ரீடு ஊறித் தொய்ந்துவிடும். காற்றுப் போகும் சின்ன டப்பாவில் வையுங்கள், ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். சாவிகளை வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள். உப்புக்காற்று ஸ்பிரிங்கைத் தின்னும்.

மரக்கிளாரினெட், ஓபோ வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். என் முதல் மரக்கிளாரினெட்டை ஒரு கோடையில் ஏசி அறையில் பத்து நாள் திறந்த பெட்டியில் வைத்துவிட்டேன். எடுத்தவுடன் ஒன்றரை மணி நேரம் முழு மூச்சில் வாசித்தேன். வெளிமரம் காய்ந்து சுருங்கியிருந்தது, உள்மரம் வாயீரத்தில் உப்பியது. மறுநாள் துடைக்கும்போது மேல்துண்டில் மயிரிழை போல ஒரு கோடு. நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. அந்தக் கோடு ஒரு துளையைத் தொட்டுவிட்டதால் காற்று கசிந்து, கீழ்ச் சுரங்கள் பேசவே இல்லை. காய்ந்த மரத்தை முதல் நாள் பத்து நிமிடம், அடுத்த நாள் இருபது நிமிடம் என்று மெல்ல மெல்லப் பழக்குங்கள்.

இதெல்லாம் கற்றுக்கொள்ள எங்கே போவது?

நாதஸ்வரத்துக்குச் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறையில் விசாரியுங்கள். புதுச்சேரிக்காரர்கள் அரியாங்குப்பத்தில் இருக்கும் பாரதியார் பல்கலைக்கூடத்தில் என்னென்ன வாத்தியம் சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஓபோவுக்கு நம் பக்கத்தில் ஆசிரியர் கிடைப்பது அரிது. ஆசை இருந்தால் முதலில் நாதஸ்வரமோ கிளாரினெட்டோ இரண்டு வருடம் படியுங்கள். உதட்டுப் பிடியும் மூச்சும் கைக்கு வந்துவிடும்.

ஆறேழு வயதுப் பிள்ளைக்கு எதுவுமே வாங்க வேண்டாம். பூவரசும் தென்னங்கீற்றும் போதும். இரண்டு கூம்பு, ஒன்று ஒரு முழம், ஒன்று அரை முழம் சுற்றிக் கொடுத்து, எது மேலே பேசுகிறது என்று கேளுங்கள்.